எக்ஸ்-ரேயில் தாடையை அளக்கும் ஏஐ: 2 மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகும்?

பதினோரு வயதுச் சிறுமி. மேல்வரிசைப் பற்கள் முன்னால் தள்ளி நிற்கின்றன. பள்ளியில் கேலி தாங்கவில்லை. அம்மா பல் மருத்துவரிடம் அழைத்துப் போகிறார். "டாக்டர், க்ளிப் போட்டா சரியாயிடும்ல?" என்று கேட்கிறார். முகத்தைப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்-ரே எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். படம் கணினிக்கு வந்த சில விநாடிகளில் அதன்மேல் வரிசையாகப் புள்ளிகள் விழுகின்றன. கோடுகள் ஓடுகின்றன. ஓரத்தில் ஒரு பட்டியல் வருகிறது. அதில் ஒரு வரி: 'ஸ்கெலிடல் கிளாஸ் 2'. அதாவது, பல் மட்டுமல்ல, தாடை எலும்புகளே ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கின்றன.

அந்த வரியை எழுதியது மருத்துவர் அல்ல, மென்பொருள். இது கற்பனைக் காட்சிதான். ஆனால், பல் சீரமைப்பு மருத்துவத்தில் இத்தகைய மென்பொருள்கள் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டன. அந்த ஒரு வரியைப் பொறுத்து சிகிச்சை மாறும், செலவு மாறும், சில சமயம் அறுவை சிகிச்சை வரைகூடப் போகும். அப்படியென்றால், இயந்திரம் அந்த முடிவுக்கு எப்படி வருகிறது? அதை எவ்வளவு நம்பலாம்?

பல்லா, தாடையா?

கோணல் பற்களை வகைப்படுத்தும் முறையை 1899-இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் வெளியிட்டார். மேல், கீழ் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதை வைத்து கிளாஸ் 1, 2, 3 என்று மூன்றாகப் பிரித்தார். இன்றும் அந்தப் பெயர்கள்தான் புழக்கத்தில் உள்ளன.

ஆனால், பல்லைப் பார்த்து எலும்பைச் சொல்லிவிட முடியாது. எத்துப்பல் இருக்கும் இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு குழந்தைக்குத் தாடைகள் சரியாக இருக்கும், பற்கள் மட்டும் முன்னால் சாய்ந்திருக்கும். இன்னொரு குழந்தைக்குக் கீழ்த்தாடை போதிய அளவு வளராமல் பின்தங்கியிருக்கும். கண்ணாடியில் இருவருக்கும் ஒரே பிரச்சினை போலத் தெரியும். சிகிச்சையோ வேறு வேறு.

முதல் குழந்தைக்குக் கம்பி போட்டுப் பற்களை நகர்த்தினால் போதும். இரண்டாவது குழந்தைக்கு வளர்ச்சி வேகமெடுக்கும் பருவத்தில், கீழ்த்தாடையை முன்னால் நிறுத்திவைக்கும் கருவிகளைப் பயன்படுத்துவார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் 1977-இல் உருவாக்கிய 'ட்வின் பிளாக்' இந்த வகையில் பிரபலமானது. இதனால் எலும்பு உண்மையில் எவ்வளவு கூடுதலாக வளர்கிறது என்பதில் நிபுணர்களுக்குள் விவாதம் உண்டு. ஆனால், வளர்ச்சி முடிந்த பிறகு இந்த வாய்ப்பு கிடையாது என்பதில் விவாதம் இல்லை.

கீழ்த்தாடை முன்னால் துருத்தியிருக்கும் கிளாஸ் 3 குழந்தைகளுக்குக் காலக்கெடு இன்னும் முன்னாலேயே வந்துவிடும். மேல்தாடையை முன்னால் இழுக்கும் முகக்கவசக் கருவி பத்து வயதுக்கு முன்பே போட்டால்தான் நல்ல பலன் தரும். அந்தக் காலம் தவறினால் வளர்ந்த பிறகு இரண்டு வழிகள்தான். பற்களைச் சாய்த்துக் குறையை மறைப்பது, அல்லது தாடை எலும்பை வெட்டி நகர்த்தும் அறுவை சிகிச்சை. "பெரியவளானதும் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதிலும் ஆபத்து இருக்கிறது. தேவையில்லாமல் கருவி மாட்டிவிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் 'பல்லா, தாடையா' என்ற கேள்விக்குச் சரியான பதில் வேண்டும்.

நான்கு புள்ளிகள், ஒரு கோணம்

இந்தப் பதிலைத் தேடித்தான் பக்கவாட்டு எக்ஸ்-ரே எடுக்கிறார்கள். 'செஃபலோகிராம்' என்று பெயர். தலையை அசையாமல் ஒரே நிலையில் நிறுத்தி எடுக்கும் இந்த முறையை 1931-இல் அமெரிக்காவில் ஹாலி பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹெர்பர்ட் ஹோஃப்ராத்தும் தனித்தனியே அறிமுகப்படுத்தினார்கள்.

படத்தில் மருத்துவர்கள் பல புள்ளிகளைக் குறிப்பார்கள். அவற்றில் நான்கு முக்கியம். 'செல்லா' என்பது மண்டையோட்டுக்குள் பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்கும் குழியின் நடுப்புள்ளி. 'நேசியான்' என்பது நெற்றி எலும்பும் மூக்கு எலும்பும் சேரும் இடம். 'ஏ புள்ளி' மேல்தாடையின் முன்பக்க வளைவில் இருக்கிறது. 'பி புள்ளி' கீழ்த்தாடையின் முன்பக்க வளைவில் இருக்கிறது.

செல்லாவையும் நேசியானையும் இணைக்கும் கோட்டை அடிப்படையாக வைத்து, மேல்தாடை எவ்வளவு முன்னால் இருக்கிறது, கீழ்த்தாடை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று இரண்டு கோணங்களை அளக்கிறார்கள். 1953-இல் சிசில் ஸ்டைனர் தந்த கணக்குப்படி, மேல்தாடைக்கு 82 டிகிரி, கீழ்த்தாடைக்கு 80 டிகிரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2 டிகிரி. இந்த வித்தியாசத்துக்குத்தான் ஏ.என்.பி. கோணம் என்று பெயர்.

பொதுவாகப் பாடப்புத்தகங்களில் 0 முதல் 4 டிகிரி வரை கிளாஸ் 1. அதற்கு மேல் போனால் கிளாஸ் 2, பூஜ்யத்துக்குக் கீழே போனால் கிளாஸ் 3. ஆக, 'சரி' என்று சொல்லப்படும் எல்லையின் மொத்த அகலமே 4 டிகிரிதான். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மீதிக் கதை எளிதாகப் புரிந்துவிடும்.

இயந்திரம் எப்படிக் கற்றுக்கொள்கிறது?

இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழியில், மருத்துவர்கள் புள்ளி வைத்த எக்ஸ்-ரேக்களை நூற்றுக்கணக்கில் காட்டுகிறார்கள். 'இதுதான் நேசியான், இதுதான் ஏ புள்ளி' என்று பார்த்துப் பார்த்து, புதுப் படத்திலும் அதே இடத்தைக் கண்டுபிடிக்க மென்பொருள் பழகுகிறது. கோணத்தைக் கணக்கிடுவது அதன் பிறகு வெறும் பள்ளிக்கூடக் கணக்கு.

இரண்டாவது வழியில் புள்ளியே கிடையாது. படத்தையும் 'இவர் கிளாஸ் 2' என்ற விடையையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதை மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்கிறது.

முதல் வழியில் பெரிய திருப்புமுனை, 2015-இல் ஐ.எஸ்.பி.ஐ. என்ற மருத்துவப் படவியல் மாநாட்டோடு சேர்த்து நடந்த போட்டி. தைவான் ஆய்வாளர்கள் 400 பேரின் எக்ஸ்-ரேக்களைத் திரட்டினார்கள். ஒவ்வொன்றிலும் 19 புள்ளிகளை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே குறித்தார்கள். இருவரின் சராசரி இடமே 'சரியான விடை' என்று வைத்துக்கொள்ளப்பட்டது. மென்பொருள் வைக்கும் புள்ளி அந்த இடத்திலிருந்து 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் வெற்றி. அப்போது முன்னணியில் இருந்த முறைகளே சுமார் நான்கில் மூன்று புள்ளிகளில்தான் வெற்றி பெற்றன.

அதன் பிறகு ஆழ்கற்றல் முறைகள் வந்தன. சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,028 எக்ஸ்-ரேக்களை வைத்து, சாலையில் வாகனங்களை அடையாளம் காணவும் பயன்படும் 'யோலோ' என்ற முறைக்கு 80 புள்ளிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். 2020-இல் வெளியான அவர்களது இரண்டாம் கட்ட ஆய்வில், மென்பொருளுக்கும் மனிதருக்கும் இடையே சராசரி வித்தியாசம் 1.46 மி.மீ. இரண்டு மனிதர்களுக்கு இடையே 1.50 மி.மீ. அதாவது, இரண்டு நிபுணர்கள் தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகிறார்களோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் மென்பொருளும் வேறுபடுகிறது.

இரண்டாவது வழியிலும் அதே ஆண்டில் தென்கொரியாவிலிருந்து ஒரு முக்கிய ஆய்வு வந்தது. 5,890 எக்ஸ்-ரேக்களை வைத்து, புள்ளி வைக்காமலே தாடை வகையைச் சொல்லும் மாதிரி 90 சதவீதத்துக்கும் மேல் துல்லியம் காட்டியது.

கேட்கும்போது பிரமாதமாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே?

1 மில்லிமீட்டர் = 1 டிகிரி

ஒரு சின்னக் கணக்கு. வளர்ந்தவர்களுக்கு நேசியானிலிருந்து ஏ புள்ளிக்கு உள்ள தூரம் தோராயமாக 55 முதல் 60 மி.மீ. அந்த நீளக் கோட்டின் கீழ்முனை 1 மி.மீ. முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால், கோணம் கிட்டத்தட்ட 1 டிகிரி மாறும். குழந்தைகளுக்கு முகம் சிறியது, தூரம் குறைவு. அதனால் மாற்றம் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

அப்படின்னா, போட்டியில் 'வெற்றி' என்று ஒப்புக்கொள்ளப்பட்ட 2 மி.மீ. பிசகு, ஏ புள்ளியில் முன்பின்னாக நேர்ந்தால் 2 டிகிரி. கிளாஸ் 1-இன் மொத்த அகலமே 4 டிகிரிதானே? அதில் பாதி.

ஏ.என்.பி. உண்மையில் 3 டிகிரி இருக்கும் ஒரு குழந்தையை மென்பொருள் 5 என்று காட்டிவிடலாம். புள்ளி 'சரியாக' வைக்கப்பட்டிருக்கும், ஆனால் குழந்தை கிளாஸ் 1-இலிருந்து கிளாஸ் 2-க்குப் போயிருக்கும். புள்ளி மேலும் கீழுமாகப் பிசகினால் இவ்வளவு பாதிப்பு இல்லை. முன்பின்னாகப் பிசகுவதுதான் கோணத்தை மாற்றுகிறது. ஆகவே, 'சராசரிப் பிழை 1.5 மி.மீ.' என்று விளம்பரத்தில் வருவதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. எந்தப் புள்ளியில், எந்தத் திசையில் பிழை என்று கேட்க வேண்டும்.

மனிதர்களும் இதே பிழையைச் செய்கிறார்கள் அல்லவா? ஆமாம். ஆனால், அனுபவமுள்ள மருத்துவர் 5 டிகிரி என்ற எண்ணைப் பார்த்ததும் குழந்தையின் முகத்தையும் பார்க்கிறார். எண்ணும் முகமும் ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி அளக்கிறார். எக்ஸ்-ரேயை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு அந்த இரண்டாவது சாட்சி இல்லை.

அளவுகோல் யாருடையது?

இன்னொரு சிக்கல், எல்லைக்கோடே இடத்துக்கு இடம் மாறுவது. மேலே சொன்ன 2015 போட்டியில் கிளாஸ் 1 என்பதற்கு வைத்த எல்லை 0 முதல் 4 அல்ல, 3.2 முதல் 5.7 டிகிரி வரை. ஏ.என்.பி. 2.5 டிகிரி உள்ள ஒருவர் பாடப்புத்தகப்படி இயல்பானவர். அந்தப் போட்டியின் பட்டியல்படி கிளாஸ் 3. அதே எக்ஸ்-ரே, அதே புள்ளிகள், அதே கோணம். ஆனாலும் விடை வேறு!

இயந்திரத்துக்கு இதில் எந்தக் கருத்தும் கிடையாது. எந்த எல்லையைச் சொல்லிக்கொடுத்தார்களோ அதைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

எல்லைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். 1948-இல் வில்லியம் டவுன்ஸ் வெளியிட்ட புகழ்பெற்ற அளவுகள், பல்வரிசை மிகச் சிறப்பாக அமைந்த 20 வெள்ளையின இளையோரை வைத்து எடுக்கப்பட்டவை. முக அமைப்பு மக்களுக்கு மக்கள் மாறும் என்பதால், பிற்பாடு பல நாடுகளில் தனித்தனி அளவுகள் எடுத்தார்கள். வட இந்தியர்களுக்கான ஆய்வு ஒன்று 1969-இலேயே வந்திருக்கிறது. ஒரு கூட்டத்தாரின் சராசரியை இன்னொரு கூட்டத்தாரின் முகத்தில் வைத்து அளந்தால், இயல்பான முகமே 'கோளாறு' ஆகிவிடும். கொரியாவிலோ தைவானிலோ பழக்கப்பட்ட மென்பொருளைத் தமிழ்நாட்டுக் குழந்தைக்குப் பயன்படுத்தும்போது, அது எந்த மக்களின் அளவோடு ஒப்பிடுகிறது என்பது ரொம்ப முக்கியம்.

கோணமே ஏமாற்றினால்?

புள்ளிகள் மிகச் சரி, எல்லைகளும் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு பொறி இருக்கிறது. ஏ.என்.பி. கோணத்தின் உச்சி நேசியானில் இருக்கிறது. ஒருவருக்கு நேசியான் இயல்பாகவே சற்று முன்னால் இருந்தால், தாடைகள் அப்படியே இருக்க, கோணம் மட்டும் குறைந்துவிடும். பின்னால் இருந்தால் கூடிவிடும்.

இதைச் சமாளிக்கவே 1975-இல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து அலெக்ஸ் ஜேக்கப்சன் வேறொரு அளவை முன்வைத்தார். நேசியானை விட்டுவிட்டு, பற்கள் கடிக்கும் தளத்தின் மேலேயே இரண்டு தாடைகளையும் ஒப்பிடும் முறை அது. பல்கலைக்கழகத்தின் செல்லப்பெயரையே சூட்டி 'விட்ஸ்' என்று அழைக்கிறார்கள். ஏ.என்.பி. ஒன்று சொல்லி, விட்ஸ் வேறொன்று சொல்வது மருத்துவர்களுக்குப் பழக்கமான விஷயம். அப்போது எதை நம்புவது என்று முடிவெடுப்பதுதான் நிபுணத்துவம். ஒரே ஒரு கோணத்தை விடையாக வைத்துப் பழகிய இயந்திரம், அந்தக் கோணத்தின் குறையையும் சேர்த்தே கற்றுக்கொண்டிருக்கும்.

'90 சதவீதம்' என்றால் என்ன?

நூறு பேரில் எண்பது பேருக்குத் தாடை நிலை பார்த்தவுடனேயே தெரிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு மென்பொருள் தேவையே இல்லை. மருத்துவர் தலையைச் சொறிவது எல்லைக்கோட்டில் நிற்கும் மீதி இருபது பேருக்காகத்தான். 90 சதவீதம் துல்லியமான மென்பொருளின் பத்துப் பிழைகளும் அந்த இருபது பேருக்குள்ளேயே விழுந்தால், உதவி தேவைப்படும் இடத்தில் அது காசு சுண்டிப்போட்டதற்குச் சமம்.

இன்னொரு கணக்கு. நூறு குழந்தைகளில் ஐந்து பேருக்குத்தான் கிளாஸ் 3 என்றால், 'யாருக்குமே இல்லை' என்று சொல்லும் சோம்பேறி மென்பொருளுக்கும் 95 சதவீதம் துல்லியம் கிடைத்துவிடும். அதனால், கோளாறு இருப்பவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் எத்தனை பேரைத் தவறாகப் பிடித்தது என்று இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

எந்த மருத்துவமனையின் படங்களில் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். 2018-இல் அமெரிக்காவில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் மாதிரிகளை ஆராய்ந்தபோது, எக்ஸ்-ரே எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையே அவை கண்டுகொண்டு, அதையும் ஒரு துப்பாகப் பயன்படுத்தியது தெரியவந்தது. வேறு மருத்துவமனைப் படங்களைக் கொடுத்ததும் பல ஒப்பீடுகளில் துல்லியம் சரிந்தது. புள்ளி வைக்காமல் நேரடியாக விடை சொல்லும் தாடை மாதிரிகளுக்கும் இதே ஆபத்து உண்டு. புள்ளி வைக்கும் மாதிரியில் தவறு எங்கே என்று கண்ணால் பார்க்கலாம். இதில் அதுவும் முடியாது.

அப்போ பயனே இல்லையா?

நிச்சயமாக இருக்கிறது. கையால் புள்ளி வைத்து, கோடு இழுத்து, கோணம் அளக்கப் பல நிமிடங்கள் ஆகும். மென்பொருள் விநாடிகளில் முடித்துவிடுகிறது. அந்த நேரத்தை மருத்துவர் நோயாளியோடு பேசச் செலவிடலாம். அதோடு, களைத்துப்போன மாலை நேரத்தில் ஒரே படத்தை இருமுறை அளக்கும் மனிதர் இரண்டு விடை தரலாம். மென்பொருள் ஒரே விடைதான் தரும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட இந்தச் சீர்மை மிகவும் உதவும். கழுத்து எலும்புகளின் வடிவத்தை வைத்து வளர்ச்சிப் பருவத்தைக் கணிக்கும் வேலையிலும் இயந்திரக் கற்றலைச் சோதித்து வருகிறார்கள். சிகிச்சையை எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு அது நேரடியாக உதவக்கூடியது.

நல்ல மென்பொருளுக்கு இரண்டு அடையாளங்கள் சொல்லலாம். புள்ளிகளைத் திரையில் காட்டி, மருத்துவர் அவற்றை நகர்த்த அனுமதிக்க வேண்டும். எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு ஒரே விடையாக அடித்துச் சொல்லாமல், 'இங்கே சந்தேகம் இருக்கிறது, நீங்களே பாருங்கள்' என்று கை உயர்த்த வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல், நோயைக் கண்டறியப் பயன்படும் மென்பொருளும் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வருகிறது. மருத்துவத்தில் ஏஐ பயன்பாட்டுக்கான நெறிமுறைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2023-இல் வெளியிட்டது. அதே ஆண்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது.

சிகிச்சைக்காக மருத்துவமனைகள் தரவைப் பயன்படுத்தச் சில விலக்குகள் உண்டு. ஆனால் சிகிச்சை வேறு, பயிற்சி வேறு. குழந்தையின் எக்ஸ்-ரேயை மென்பொருள் நிறுவனம் தன் மாதிரியை மேம்படுத்த வைத்துக்கொள்கிறதா என்று பெற்றோர் தாராளமாகக் கேட்கலாம்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

* இந்தப் புள்ளிகளை நீங்கள் சரிபார்த்தீர்களா, இல்லை மென்பொருள் வைத்தது அப்படியே இருக்கிறதா?
* எங்கள் குழந்தையின் அளவு எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலா, தூரத்திலா? ஏ.என்.பி. தவிர வேறு அளவுகளும் அதையே சொல்கின்றனவா?
* எந்த மக்களின் அளவோடு ஒப்பிட்டீர்கள்?
* வளர்ச்சி இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது? ஆறு மாதம் காத்திருந்து மறுபடி அளந்தால் ஏதாவது இழப்பு உண்டா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. பக்கவாட்டு எக்ஸ்-ரே ஒன்றின் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து ஓரிரு நாளில் நம் உடலுக்கு வந்து சேரும் அளவைத் தாண்டுவதில்லை. அதற்காகத் தேவையின்றி எடுக்க வேண்டியதில்லை. ஆனால், எல்லைக்கோட்டில் இருக்கும் குழந்தைக்கு, அவசர முடிவைவிட இடைவெளி விட்டு எடுத்த இரண்டு படங்கள் கூடுதலாகச் சொல்லும். தாடை எந்தப் பக்கம் வளர்கிறது என்பது ஒற்றைப் படத்தில் தெரியாது.

தொடக்கத்தில் பார்த்த சிறுமிக்கு வருவோம். பட்டியலில் 'கிளாஸ் 2' என்று இருக்கிறது. மருத்துவர் திரையை நெருங்கிப் பார்க்கிறார். ஏ புள்ளியைச் சற்றே பின்னால் நகர்த்துகிறார். 5.1 என்று இருந்த எண் 3.9 ஆகிறது. விட்ஸ் அளவைப் பார்க்கிறார். சிறுமியைப் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொல்லி முகத்தைப் பார்க்கிறார். பிறகுதான் அம்மாவிடம் பேசத் தொடங்குகிறார். "தாடையில பெரிய பிரச்சினை இருக்கிற மாதிரித் தெரியலம்மா. ஆனா வளர்ற வயசு. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணலாம்."